மலையைப் படிக்கட்டும் நம் பிள்ளைகள்

(அக்கரப்பத்தனைப் பகுதித் தோட்டமொன்றில் மாணவர்களுக்கான வெளிக்களச் சுற்றாடல் கல்வி நாள் முடிந்த மாலை, பெற்றோர் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, முகத்தைக்கூடக் கழுவாமல் நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்கப் போவதில்லை. ஆனாலும் இன்று பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்ததைப் பெரியவர்கள் நாமும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதில் நமக்குப் பெருமை தரும் விஷயமும் உண்டு, வெட்கம் தரும் விஷயமும் உண்டு. இரண்டையும் இன்றைக்குப் பேசிவிடுவோம்.

காலை ஏழு மணிக்குப் பிள்ளை மடுவத்துக்கு முன்னால் 36 பிள்ளைகள் கூடினார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படிப்பவர்கள். மூன்று ஆசிரியர்கள் கூடப் போனார்கள். நான்கு அம்மாமார் இன்றைய பேரை விட்டுவிட்டுத் துணைக்குப் போனார்கள். அவர்களுக்கு முதலில் நன்றி. வனப் பாதுகாப்பு வேலையில் இருந்து ஓய்வுபெற்ற நம் மலையக அண்ணன் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். லயத்துப் பீலியிலிருந்து தொடங்கி, காணு வழியே ஏறி, கவ்வாத்து மலையைத் தாண்டி, காட்டு ஓரம் வரை போய் மத்தியானம் திரும்பினார்கள். காட்டுக்குள் போகவில்லை. அதற்கு அனுமதி வேண்டும், அனுமதியோடுதான் போவோம்.

புறப்படும் முன் அந்த அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "மேலே தெரிகிறதே, அந்த மலைக்கு அந்தப் பக்கம்தான் ஹோர்ட்டன் சமவெளி. போய்ப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள்." 36 பேரில் ஐந்து கைதான் எழுந்தது. கொழும்பிலிருந்து வருகிறார்கள், ஜெர்மனியிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகிறார்கள். விடிவதற்கு முன்னே வேன் வேனாகப் பட்டிப்பொல பாதையில் ஏறுகிறார்கள். அந்த மலையின் அடிவாரத்தில் பிறந்த நம் பிள்ளைகளில் ஐந்து பேர்தான் அதைப் பார்த்திருக்கிறார்கள். பெரியவர்களே, உங்களிடமும் அதே கேள்வியைக் கேட்டால் எத்தனை கை எழும்? கேட்கவில்லை, விடுங்கள்.

அந்தச் சமவெளி சாதாரண இடமல்ல. 1969இல் அதை இயற்கை ஒதுக்கிடமாக்கினார்கள். 1988இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2010இல் சிவனொளிபாதமலை வனத்தோடும் நக்கிள்ஸ் மலையோடும் சேர்த்து, இலங்கையின் மத்திய மலைநாடு என்று உலக மரபுரிமைப் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. மகாவலி, களனி, வளவை என்ற மூன்று பெரிய ஆறுகளுக்கும் அங்கிருந்து தண்ணீர் போகிறது.

நம் பிள்ளைகள் இன்று முதல் பாடத்தை அந்தத் தண்ணீரிலிருந்துதான் படித்தார்கள்.

பீலியில் விழும் தண்ணீர் எங்கே போகிறது என்று அண்ணன் கேட்டார். "காணுக்கு" என்றது ஒரு பிள்ளை. அதற்குப் பிறகு? "ஆத்துக்கு." அதற்குப் பிறகு? யாருக்கும் தெரியவில்லை. அவர் தரையில் குச்சியால் கீறிக் காட்டினார். நம் காணுத் தண்ணீர் ஆக்ரா ஓயாவுக்குப் போகிறது. அது கொத்மலை ஓயாவில் சேர்கிறது. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணையில் தேங்கி மின்சாரம் ஆகிறது. பிறகு கொத்மலை நீர்த்தேக்கம், பிறகு மகாவலி. பொல்கொல்லையில் ஒரு பங்கு திரும்பி வரண்ட பிரதேசத்து வயல்களுக்குப் போகிறது. மிச்சம் போய்த் திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர். நாட்டிலேயே நீளமான ஆறு. அது பாயும் வயலில் விளைந்த அரிசியைத்தான் நாம் கடையில் வாங்கிச் சமைக்கிறோம்.

ஒரு பிள்ளை உடனே கேட்டது: "அப்படியென்றால் நாங்கள் காணுக்குள் போடும் ஷொப்பிங் பையும் அங்கே போகுமா?" போகும் என்றார் அண்ணன். அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்குத்தான் இந்தக் கல்வி.

பிறகு ஒரு கணக்கு எடுத்தார்கள். லயத்துக்கு மேலே ஓர் இடத்திலும், லயத்துக்குக் கீழே ஓர் இடத்திலும் ஓடைக் கல்லைப் புரட்டிப் பார்த்தார்கள். சுத்தமான தண்ணீரில் கல்லுக்கு அடியில் சின்னப் பூச்சிக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றுக்கு வாலில் மூன்று நூல் இருக்கும். அவை தண்ணீரில் வளர்ந்து பிறகு இறக்கை முளைத்துப் பறப்பவை. தண்ணீர் கெட்டால் முதலில் காணாமல் போவது அவைதான். இதற்கு மெஷினும் வேண்டாம், காசும் வேண்டாம். கண்ணும் பொறுமையும் போதும். மேலே பத்துக் கல்லைப் புரட்டியதில் ஒன்பதில் அந்தக் குஞ்சுகள் இருந்தன. கீழே பத்துக் கல்லில் ஒன்றில்கூட இல்லை. சிவப்புப் புழுவும் சேறும்தான் இருந்தன.

தோழர்களே, இது பிள்ளைகள் தங்கள் கொப்பியில் எழுதி வைத்திருக்கும் கணக்கு. லயத்துக் கழிவு நீருக்கு ஒழுங்கான வழி இல்லை என்று எத்தனை வருடமாக நாம் நிர்வாகத்திடம் சொல்கிறோம். "பார்ப்போம்" என்பதுதான் பதில். அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போவோம். அதே நேரம், காணுக்குள் பம்பர்ஸையும் பொலித்தீனையும் வீசுவது நிர்வாகம் அல்ல. அது நம் வீட்டுக் கை. அதையும் அந்தக் கொப்பி சொல்கிறது.

இரண்டாவது பாடம் குளவி. இதைக் கேட்டதும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். குளவி கொட்டாத டிவிசன் எது? மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி உயிர் போன தொழிலாளர்கள் நம் மத்தியில் இருந்திருக்கிறார்கள். ஆனால் நாம் குளவி என்று ஒரே பெயரில் சொல்வது இரண்டு வகைப் பூச்சிகளை. உயர்ந்த டர்பன்டைன் மரத்திலும் பாறையிலும் அரைச் சந்திரன் போல் வெளியே தொங்கும் ஒற்றை அடை இருக்கிறதே, அது பெருந்தேனீயின் கூடு. புதரிலோ மரக்கிளையிலோ காகிதப் பந்து போல் மூடி இருப்பது குளவிக் கூடு. தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நின்றுவிடும், விஷப் பையும் அதோடு இருக்கும். தாமதிக்காமல் நகத்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். குளவியின் கொடுக்கு தங்காது. அது திரும்பத் திரும்பக் கொட்டும்.

தேன்பருந்து அடையைக் கொத்தினாலும், புகை பட்டாலும், கல் விழுந்தாலும் பெருந்தேனீ கலையும். ஒன்றை அடித்து நசுக்கினால் அந்த வாசனைக்கு மற்றவையும் வந்து சேரும். அதனால் கையை வீசி அடிக்காமல், தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு, நிற்காமல் ஓடி அடைத்த இடத்துக்குள் போய்விட வேண்டும். மூச்சு முட்டினால், முகம் வீங்கினால், நிறையக் கொட்டுப் பட்டிருந்தால், கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் 1990 அம்பியூலன்ஸைக் கூப்பிட வேண்டும். இவ்வளவும் இன்று பிள்ளைகள் படித்தது. இன்றிரவு அவர்களே உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். எங்கெங்கே அடை தொங்குகிறது என்று ஒரு தாளில் படமும் கீறி வந்திருக்கிறார்கள். அதன் பிரதி ஒன்றைத் துரையிடம் கொடுத்திருக்கிறோம். அந்த மலைகளுக்கு ஆள் அனுப்பும் முன் பார்க்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. இனிமேல் தெரியாது என்று சொல்ல முடியாது.

மூன்றாவது பாடம் மழை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்தது யாருக்கும் மறக்காது. காலையில் பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பிறகு மலை இறங்கி லயங்களை மூடியது. திரும்பி வந்த பிள்ளைகளில் சிலருக்கு வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்னரே அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த எச்சரிக்கையை லயத்தில் இருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் விளங்கும்படி சொல்லி, போய் இருக்க ஓர் இடத்தையும் கொடுத்திருந்தால் அத்தனை உயிர் போயிருக்காது.

இன்று பிள்ளைகள் ஒரு பிளாஸ்டிக் போத்தலை வெட்டி மழைமானி செய்தார்கள். நேரான போத்தல் வேண்டும். மேல் பாகத்தை வெட்டித் தலைகீழாகப் புனல் போல் வைக்க வேண்டும். அடியில் கொஞ்சம் கல் போட்டு, சமமாகும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறித்து, அதிலிருந்து மேலே மில்லிமீற்றர் கோடு போட வேண்டும். மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வைத்து, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பார்த்து எழுத வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், சரிவான இடத்தில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் பொதுவான அளவு இதுதான். இதோடு சுவரிலும் தரையிலும் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று புதிய ஊற்று, இருந்த ஊற்று வற்றுதல், தண்ணீர் சேறாக வருதல் இவற்றையும் கவனிக்க வேண்டும். கண்டால் கிராம உத்தியோகத்தருக்கும் 117க்கும் அறிவிக்க வேண்டும். அளவு வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. மண் சத்தம் கேட்டால் ஓட வேண்டியதுதான்.

போய் இருப்பதற்குப் பாதுகாப்பான இடம் கேட்பது பெரியவர்கள் நம் வேலை. மழையை அளப்பதும் அடையாளம் பார்ப்பதும் பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை. நாளையிலிருந்து பாடசாலையில் ஒரு போத்தலும், மேல் லயத்தில் ஒரு போத்தலும் இருக்கும்.

இனி நமக்கு வெட்கம் தரும் விஷயத்துக்கு வருகிறோம்.

காட்டு ஓரத்துக்குப் போனபோது முன்னால் நடந்த ஒரு பையன் நின்றுவிட்டான். புல்லுக்குள் ஒரு கம்பி வளையம். பிரேக் கேபிளில் செய்த சுருக்கு, ஒரு கட்டையில் கட்டி வைத்திருந்தது. யார் வைத்தது என்று ஆசிரியர் கேட்டார். 36 பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்களாம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தெரியாததால் அல்ல. தெரிந்ததால்.

நாங்களும் யார் என்று கேட்கப் போவதில்லை. ஏன் வைக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். லயத்துக்குப் பின்னால் கடனை வாங்கிப் போட்ட கிழங்குத் தோட்டத்தைக் காட்டுப்பன்றி ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகிறது. நட்ட ஈடு தர யாரும் வருவதில்லை. கடையில் இறைச்சி விலை நம் சம்பளத்துக்கு எட்டுவதில்லை. இது உண்மை. இந்த உண்மையை மறைத்துவிட்டு, தொழிலாளிக்குக் காட்டின் அருமை தெரியாது என்று பேசுகிறவர்களோடு நாங்கள் சேர மாட்டோம்.

ஆனால் அந்தக் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. பன்றி போகும் தடத்தில்தான் சிறுத்தையும் போகும், நாயும் போகும், நாளைக்கு ஒரு பிள்ளையின் காலும் போகும். இடுப்பில் கம்பி இறுகினால் சிறுத்தை இழுக்க இழுக்க அது உள்ளே வெட்டிக்கொண்டே போகும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை இப்படித்தான் அகப்பட்டது. உயிரோடு மீட்டு, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். சில நாளில் செத்துப்போனது. மலைநாட்டில் கருஞ்சிறுத்தை என்பது காணக் கிடைக்காத ஒன்று. நாடே அதைப் பற்றிப் பேசியது. சிறுத்தை கம்பியில் செத்தால் பொலிஸ் துரை பங்களாவுக்குப் போகாது, லயத்துக்குத்தான் வரும். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அப்படிப்பட்ட குற்றத்தை லேசாக விடாது. பிடிபட்டவனுக்காகக் கோர்ட்டுக்கு அலைந்த குடும்பம் அந்த வருடம் தலை தூக்காது.

சிறுத்தைக்குப் பயந்துதான் இதெல்லாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பயம் நியாயமானது. கொழுந்து மலையில் சிறுத்தை நடமாடுவது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் இரவில்தான் நடமாடும். தேடிப் போவது கேளையாடு, முயல், முள்ளம்பன்றி, லயத்து நாய் போன்றவற்றை. மனிதரைக் கண்டால் விலகவே பார்க்கும். அது திரும்பிப் பாய்வது பெரும்பாலும் எப்போது? தேயிலைக்குள் படுத்திருப்பதைத் தெரியாமல் நெருங்கும்போது. குட்டியோடு இருக்கும்போது. கம்பியில் மாட்டி வலியில் இருக்கும்போது. கூட்டம் கூடி, சுற்றி வளைத்து, கல்லெறிந்து, கைபேசியில் படம் எடுக்கும்போது. கண்டால் ஓடாமல், முதுகு காட்டாமல், மெதுவாகப் பின்வாங்க வேண்டும். கூட்டம் சேராமல் 1992க்கு அழைத்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்ல வேண்டும். காலையில் மலைக்கு இறங்கும் முன் சத்தம் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். இதையும் பிள்ளைகள் படித்துவிட்டார்கள்.

சரி, காட்டைப் பற்றி நமக்குப் பாடம் சொல்ல வருகிறவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதை நம் பிள்ளைகளும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இந்த மலையெல்லாம் ஒரு காலத்தில் காடு. முதலில் கோப்பிக்காக வெட்டினார்கள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. கோப்பி அழிந்தது, தேயிலை மேலே மேலே ஏறியது. கோடரியைத் தூக்கியது நம் பாட்டன் பூட்டன்தான். எந்த மலையை எப்போது வெட்டுவது என்று முடிவு செய்தது அவர்கள் அல்ல. அவர்களில் எத்தனையோ பேர் குளிரிலும் காய்ச்சலிலும் செத்து அந்தத் தேயிலைக்கு அடியிலேயே கிடக்கிறார்கள். 1873இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொடாதீர்கள் என்று ஆலோசனை சொன்னார். அதற்குப் பிறகுதான் உச்சிக் காடு தப்பியது. ஹோர்ட்டன் சமவெளியில் பேக்கர் நீர்வீழ்ச்சி என்று ஒன்று இருக்கிறது. சாமுவேல் பேக்கர் இந்த மலைகளில் மரை வேட்டையாடிய வெள்ளைக்காரர். 1894இல் நம் நாட்டில் முதலில் உருவான வனவிலங்குச் சங்கமும், துப்பாக்கி பிடித்த தோட்டத் துரைமார் வேட்டை மிருகம் தீர்ந்துவிடக் கூடாது என்று தொடங்கியதுதான். பிற்பாடு அதே சங்கம் மாறி, வனவிலங்குகளைக் காக்க நல்ல வேலைகள் செய்தது. அவர்கள் மாறியது நல்லது. மனிதர் மாறலாம் என்பதற்கு அது சாட்சி. நாமும் மாறலாம்.

ஆகவே நம் பிள்ளைகள் காட்டுக்குப் போகும்போது குற்றவாளியின் பிள்ளையாகத் தலைகுனிந்து போகத் தேவையில்லை. நிமிர்ந்து போகட்டும். காலையில் ஆறுமணிக் குருவியின் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். அது ஒவ்வொரு வருடமும் இந்தியாவிலிருந்து பறந்து வந்து, சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போகும் பறவை. நாம் அப்படி அல்ல. நாம் இந்த மலையின் மனிதர். இந்த மலையைப் பற்றி மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்கும் உரிமையும் நமக்கு உண்டு, அதைக் காக்கும் கடமையும் உண்டு.

இனி நாங்கள் கேட்பதைச் சொல்கிறோம். இவற்றைக் கல்வித் திணைக்களத்திடமும், வனஜீவராசிகள், வனப் பாதுகாப்புத் திணைக்களங்களிடமும், தோட்ட நிர்வாகத்திடமும் எழுத்தில் கொடுக்கிறோம்.

முதலாவது, சுற்றாடல் நிகழ்ச்சிகள் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் நடக்க வேண்டும். அதிகாரி வருகிறார், படம் காட்டுகிறார், வேறு மொழியில் ஒரு மணித்தியாலம் பேசுகிறார், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அது கல்வி ஆகாது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லையென்றால், இருக்கிற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள்.

இரண்டாவது, மத்திய சுற்றாடல் அதிகாரசபை பாடசாலைகளில் நடத்தும் சுற்றாடல் முன்னோடித் திட்டம் பட்டணத்துப் பெரிய பாடசாலைகளோடு நிற்காமல், தோட்டத்துச் சின்னப் பாடசாலைக்கும் முழுமையாக வர வேண்டும்.

மூன்றாவது, வருடத்தில் ஒரு தடவையாவது பிள்ளைகளை ஹோர்ட்டன் சமவெளிக்கும் ஹக்கலைக்கும் இலவசமாகக் கூட்டிப் போக வேண்டும். அதற்கான பஸ்ஸைத் தோட்டக் கம்பனி கொடுக்கலாம். தேயிலைப் பெட்டியில் மலையையும் அருவியையும் படம் போட்டு விற்கிறவர்கள், அந்த மலையை நம் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பஸ் கொடுப்பது பெரிய விஷயம் அல்ல.

நான்காவது, சுற்றாடல் தினம் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, சுற்றுலாப் பயணிகள் போட்ட குப்பையைப் பொறுக்க வைத்து, பனியன் கொடுத்துப் படம் பிடித்து அனுப்புவதை நாங்கள் ஏற்கமாட்டோம். தன் ஓடையைத் தானே சுத்தம் செய்வது கல்வி. கூலி இல்லாத வேலைக்குப் பிள்ளையைச் சேர்ப்பது கல்வி அல்ல. அதன் வித்தியாசம் நமக்கு நன்றாகவே தெரியும்.

ஐந்தாவது, இந்தக் கல்விக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். பூங்காக்களில் வழிகாட்டி வேலை இருக்கிறது. வனக் காவலர், கள உத்தியோகத்தர் பதவிகள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் விலங்கியலும் தாவரவியலும் இருக்கின்றன. விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலையில் படிக்கும் நம் பிள்ளை அங்கே எப்படிப் போய்ச் சேரும்? விஞ்ஞான ஆசிரியர் கேட்பதும் சுற்றாடல் கோரிக்கைதான்.

ஆறாவது, மரக்கறித் தோட்டங்களுக்குப் பன்றி வராத வேலி. நிர்வாகம் கம்பமும் வலையும் கொடுத்தால் போடுவதற்குக் கை நம்மிடம் இருக்கிறது. வேலி வந்தால் சுருக்குக்குச் சாக்கு இல்லை.

இவை அவர்களிடம் கேட்பவை. நம்மிடமே கேட்பவை மூன்று. காணுக்குள் குப்பை போடுவதில்லை. வெயில் காலத்தில் மானாப்புல்லுக்கு நெருப்பு வைப்பதில்லை. அந்த நெருப்பு காட்டுக்குள் ஏறினால் அடுத்த வருடம் வற்றுவது நம் பீலிதான். மூன்றாவது, சுருக்குக் கம்பி.

கோயில் மடத்துக்குப் பின்பக்கம், விளக்கு வெளிச்சம் படாத இடத்தில், ஒரு கொழுந்துச் சாக்கு கட்டி வைத்திருக்கிறோம். வரும் மாதம் முதல் சனிக்கிழமை வரை அது அங்கே இருக்கும். யாரும் காவல் இல்லை, யாரும் பெயர் எழுத மாட்டார்கள். வைத்திருக்கும் கம்பிகளைக் கழற்றிக்கொண்டு வந்து அதில் போட்டுவிடுங்கள். சங்கத்தின் பெயரில் அதைக் கொண்டுபோய் ஒப்படைக்கிறோம். அதற்குப் பிறகு வைத்துப் பிடிபடுகிறவருக்காகச் சங்கம் பொலிஸ் நிலையத்தின் படி ஏறாது. இதைத் தோட்டக் கமிட்டி கூடித் தீர்மானித்திருக்கிறது. இப்போதே சொல்லிவிடுகிறோம், பிறகு மனத்தாங்கல் வேண்டாம்.

அதே சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் மறுபடியும் போகிறார்கள். அதே ஓடை, அதே பத்துக் கல், அதே காட்டோரம். அன்றைக்குத் துணைக்கு அம்மாமார் மட்டும் போதாது, அப்பாமாரும் வர வேண்டும். இன்று தலையைக் குனிந்து நின்ற பிள்ளைகள் அந்த இடத்தைத் தாண்டும்போது புல்லுக்குள் பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது.

மழைக்கு முன் எல்லோரும் வீடு போய்ச் சேருங்கள். பிள்ளைகளே, கொப்பியைப் பத்திரமாக வையுங்கள்.